ஊட்டி மலை ரயில்: டிக்கெட் குன்னூர் வரைக்கும் கிடைத்தாலே போதும்

ஊட்டி மலை ரயிலில் போய்விட்டு வந்து, "இதுக்குத்தானா இவ்வளவு அலம்பல், சாதாரண பாசஞ்சர் வண்டி மாதிரிதான் இருந்துச்சு" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எங்கே ஏறினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் குன்னூர் என்பார்கள், இல்லாவிட்டால் ஊட்டியில் ஏறி கேத்தி வரைக்கும் போய்த் திரும்பினோம் என்பார்கள். அப்படியானால் அவர்கள் சொல்வது சரிதான். குன்னூருக்கு மேலே ஓடுவது டீசல் இன்ஜின் இழுக்கிற ஒரு சின்ன ரயில். பாதை அழகு, காற்று ஜில்லென்று இருக்கும், அவ்வளவுதான். இந்த வண்டியை இந்தியாவில் வேறெந்த வண்டியோடும் சேர்க்க முடியாமல் தனியாக நிறுத்துகிற சங்கதி அதற்குக் கீழே, கல்லாற்றுக்கும் குன்னூருக்கும் நடுவே உள்ள சுமார் 19 கிலோமீட்டரில் இருக்கிறது. அந்தத் துண்டைப் பார்க்காமல் மலை ரயிலுக்கு மார்க் போடுகிறவர்கள் பேச்சை நான் காதில் வாங்குவதில்லை.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை மொத்தம் 46 கிலோமீட்டர். மீட்டர் கேஜ் பாதை. 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம் என்று ரயில்வே போர்டிலேயே எழுதிப் போட்டிருப்பார்கள், எல்லோரும் அதை போட்டோ எடுத்துக்கொள்வார்கள். ஆனால் கவனிக்க வேண்டிய எண் வேறு: பன்னிரண்டில் ஒன்று. அதாவது பல் தண்டவாளம் உள்ள பகுதியில் சில இடங்களில் 12 மீட்டர் முன்னே போவதற்குள் வண்டி ஒரு மீட்டர் மேலே ஏறிவிடும். மும்பைக்கும் புனேவுக்கும் நடுவே போர்காட் மலையில் பெரிய ரயில்கள் திணறி ஏறுகிற இடத்திலேயே ஏற்றம் 37-க்கு ஒன்றுதான். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தில் வெறும் உராய்வை மட்டும் நம்பிப் பன்னிரண்டுக்கு ஒன்று ஏற முடியாது, வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வைத்த இரும்புப் பட்டைகளை ஜோடியாகப் போட்டு, இன்ஜினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு ஏணிப்படி மாதிரி ஒவ்வொரு பல்லாக ஏறும்படி செய்திருக்கிறார்கள். இரண்டு பட்டையிலும் பற்கள் நேருக்கு நேராக இருக்காது, ஒன்றுக்கு மற்றொன்று கொஞ்சம் தள்ளியிருக்கும். ஏதாவது ஒரு பல் எப்போதும் பிடியில் இருக்க வேண்டும் என்பதற்காக. இந்தியாவில் இந்த ஏற்பாடு உள்ள ஒரே ரயில் பாதை இதுதான்.

இதற்குப் பின்னால் உள்ள கதையும் நல்ல கதை. மலைக்கு ரயில் விடலாம் என்ற பேச்சு 1854-லேயே வந்துவிட்டது. கோயம்புத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் வரை 1873-இல் ரயில் வந்து அப்படியே அடிவாரத்தில் நின்றுபோனது. அப்புறம் பல்சக்கர ரயிலில் பேர்போன சுவிட்சர்லாந்துக்காரர் ரிக்கன்பாக் 1882-இல் இங்கே வந்து பார்த்து மதிப்பீடு கொடுத்தார். வேலை தொடங்கியது 1891-இல். அதை ஆரம்பித்த கம்பெனி நடுவில் திவாலாகி, வேறு கைக்கு மாறி, குன்னூர் வரை வண்டி ஓட 1899 ஆகிவிட்டது. ஊட்டிக்குப் போய்ச் சேர்ந்தது 1908-இல். இதில் வேடிக்கை, கடைசியில் போட்டது ரிக்கன்பாக்கின் முறை இல்லை, அவரிடம் வேலை பார்த்த ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை. சீடர் குருவை முந்திவிட்டார்.

சரி, வண்டிக்கு வருவோம். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும். ஒரு நாளைக்கு மேலே போக இந்த ஒரு வண்டிதான் வழக்கமான வண்டி, கோடை விடுமுறை மாதிரி நேரங்களில் சிறப்பு ரயில் விட்டால் உண்டு. கொஞ்சம் முன்னாடியே போய்விடுங்கள், ஏனென்றால் இன்ஜினைப் பார்க்க வேண்டும், அது வண்டிக்குப் பின்னால் மாட்டியிருக்கும். முதல் தடவை வருகிறவர்கள் முன்னால் போய்த் தேடிவிட்டு, இன்னும் இன்ஜின் வரவில்லை என்று நினைத்துக்கொண்டு நிற்பார்கள். மேலே ஏறும்போது இன்ஜின் தள்ளிக்கொண்டு போகும், இழுக்காது. காரணம் எளிது. ஏற்றத்தில் பெட்டிகளை இணைக்கிற கொக்கி அறுந்தாலும் பெட்டி பின்னால் உருண்டு ஓடாமல் இன்ஜின் தாங்கிக்கொள்ளும். நீராவி இன்ஜின்கள் எக்ஸ் வகை, முதலில் எல்லாம் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து கப்பலில் வந்தவை. அவை கிழடு தட்டிப் போனபிறகு நம் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகச் செய்துவிட்டார்கள். அதனால் நீங்கள் பார்க்கும் இன்ஜின் நூறு வயதுக் கிழவியாக இருக்க வேண்டியதில்லை, சின்ன வயசாகவும் இருக்கலாம். கரி அள்ளிப் போடுவதைப் பார்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம், பெரும்பாலானவை இப்போது எண்ணெயில் எரிகின்றன. அதன் பக்கவாட்டில் சிலிண்டர்கள் மேலும் கீழுமாக இருப்பதைக் கட்டாயம் பாருங்கள். ஒரு ஜோடி சாதாரணச் சக்கரத்தை ஓட்டுவதற்கு, மற்ற ஜோடி அடியில் இருக்கும் பல்சக்கரத்தை ஓட்டுவதற்கு. முதல் ஜோடியில் வேலை செய்து முடித்த நீராவியை வீணாக்காமல் இரண்டாவது ஜோடிக்கு அனுப்பிவிடுகிறார்கள். சமதளத்தில் இரண்டாவது ஜோடிக்கு வேலையே இல்லை, சும்மா வரும்.

கிளம்பிய சற்று நேரத்தில் பவானி ஆற்றுப் பாலம். அதைத் தாண்டிப் பாக்குத் தோப்புக்கு நடுவே கல்லாறு வரை வண்டி நன்றாகவே ஓடும். இதுவரைக்கும் பெட்டியில் எல்லோரும் செல்பிதான். கல்லாறு தாண்டி பல் தண்டவாளம் ஆரம்பிக்கும் இடத்தில் வண்டி தயங்கித் தயங்கி நடக்கிற வேகத்துக்கு வரும், காலுக்கடியில் ஒரு குலுக்கல், பல்லும் பல்லும் பிடித்துக்கொள்கிற 'கடக்' சத்தம், அதோடு வண்டியின் குரலே மாறிவிடும். அதுவரை இரண்டு இரண்டாக விட்ட மூச்சை ஒவ்வொன்றாக, முக்கி முக்கி விட ஆரம்பிக்கும். அந்த இடத்திலிருந்து மணிக்கு 13 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. பின்னாலிருந்து வரும் அந்தத் தள்ளலை முதுகில் உணரலாம், உண்மையாகவே இருக்கை உங்களைத் தள்ளும். இந்த ஒரு உணர்வுக்காகத்தான் நான் இந்த வண்டியைச் சிபாரிசு செய்கிறேன். பள்ளத்தாக்கு, அருவி, மேகம் எல்லாம் பஸ்ஸிலிருந்தும் தெரியும், பர்லியாறு வழியாகப் போகிற மலைப் பாதை அழகில் ஒன்றும் குறைச்சல் இல்லை. ஆனால் மலை ஏறுவது எவ்வளவு பாடு என்பதை ஒரு இயந்திரம் உங்கள் உடம்புக்கே தெரியும்படி சொல்லிக்கொண்டு வருவது இங்கே மட்டும்தான்.

இன்னொன்று, பிரேக்ஸ்மேன்களைப் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியின் முன்பக்கத்திலும் சின்ன மேடை இருக்கும், அதில் ஒருவர் கை பிரேக்கோடு நிற்பார். டிரைவர் கடைசியில் இருக்கிறார், அவருக்கு முன்னால் என்ன இருக்கிறதென்றே தெரியாது. எனவே முதல் பெட்டியில் நிற்பவர்தான் கண். தண்டவாளத்தில் கல் கிடக்கிறதா, மரம் விழுந்திருக்கிறதா, யானை நிற்கிறதா என்று பார்த்துக் கொடி காட்ட, அது ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்குக் கை மாறி இன்ஜினுக்குப் போய்ச் சேரும். கல்லாறு, அடர்லி பக்கம் யானை பாதையில் நிற்பது ஒன்றும் அதிசயமில்லை, அது நகர்கிற வரைக்கும் வண்டி காத்திருக்க வேண்டியதுதான். நான் போன ஒரு முறை எங்கள் பெட்டிக்காரர் நடு வயசு ஆள், ஒவ்வொரு சுரங்கத்துக்கும் முன்னால் திரும்பி ஜன்னலைப் பார்த்து, "தம்பி, கைய உள்ள எடுங்க... பாப்பா, தலைய நீட்டாதீங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே வந்தார். சுரங்கத்துக்குள் போனதும் பெட்டி முழுக்க 'ஓ'வென்று கத்துவார்கள், அதை மட்டும் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பதினாறு சுரங்கத்திலும் கத்தினார்கள்.

நடுவில் தண்ணீர் பிடிக்க நிற்கும். அதில் ஹில்குரோவ்தான் பெரிய நிறுத்தம். டீ, வடை கிடைக்கும், குரங்கும் கிடைக்கும். எங்கள் எதிரில் உட்கார்ந்திருந்த ஈரோட்டு அம்மா ஒருவர் தன் பேரனிடம், "கண்ணு, பையை மடியில வெச்சுக்கோ, கொரங்கு பாத்துட்டு நிக்குது" என்று சொல்லி முடிப்பதற்குள் மேலே ஓட்டில் உட்கார்ந்திருந்த ஒன்று இறங்கி வந்து அவர் கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தையே வாங்கிக்கொண்டு போனது. பிடுங்கவில்லை, நிதானமாக வாங்கிக்கொண்டுதான் போனது. அந்த அம்மா அதிரவில்லை, "போகுது போ, அதுக்கும் பசிக்கும்ல" என்று சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டார். நீங்கள் தின்பண்டத்தை வெளியே கொண்டு போகாதீர்கள், வேண்டுமென்று கொடுக்கவும் கொடுக்காதீர்கள், அதுதான் அவற்றை இப்படிப் பழக்கியிருக்கிறது. அப்புறம், பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. வயதானவர்கள், சர்க்கரைக்காரர்கள், சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொண்டு, மேட்டுப்பாளையத்திலேயே போய்விட்டு, வழியில் நிற்கிற நிலையங்களையும் விடாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஊட்டி வரை ஏறுவதற்கு கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம், குன்னூருக்கே மூன்று மணி நேரத்துக்கு மேல்.

வசதியைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன், வசதி கம்மி. இரண்டாம் வகுப்பில் எதிரெதிர் பெஞ்சு, முழங்காலும் முழங்காலும் இடிக்கும். உயரமானவர்கள் காலை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டே வர வேண்டும். பெரிய சூட்கேஸ் வைக்க இடமே இல்லை, ஒரு தோள்பைக்கு மேல் கொண்டுவராதீர்கள். ஜன்னலோரம் கிடைத்தால் யோகம், நடுவில் மாட்டினால் அடுத்தவர் தோளுக்கு மேலாகத்தான் மலையைப் பார்க்க முடியும். எந்தப் பக்கம் உட்கார்ந்தால் நல்லது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள், நான் அந்தப் பஞ்சாயத்துக்கே போவதில்லை, ஜன்னலா நடுவா என்பதுதான் விஷயம். முதல் வகுப்புக்குக் கட்டணம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. மற்ற ரயில்களில் இருப்பதுபோல ஏசி, படுக்கை என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள், மெத்தை கொஞ்சம் நன்றாக இருக்கும். ஆனால் ஏறும்போது முதல் வகுப்புப் பெட்டிதான் வண்டியின் தலைமாட்டில் இருக்கும், முன்வரிசையில் இடம் கிடைத்தால் பிரேக்ஸ்மேன் தோளுக்குப் பக்கத்தில் பாதை முழுவதும் உங்களுக்கு முன்னால் விரியும், நடுவில் ஓடும் பல் பட்டையும் தெரியும். அந்த முன்வரிசை கிடைக்கும் என்றால் இரண்டு மடங்கு தாராளமாகக் கொடுக்கலாம். பின்வரிசைக்கு என்றால் நான் கொடுக்கமாட்டேன்.

பத்து, பத்தரை வாக்கில் குன்னூர். இங்கே நீராவி இன்ஜினைக் கழற்றிவிட்டு டீசலை மாட்டுவார்கள். பல் தண்டவாளம் முடிந்துவிட்டது, இனி சாதாரண ஏற்றம்தான். ஒரு காலத்தில் குன்னூர்தான் கடைசி நிலையம் என்பதால் அமைப்பும் அப்படியே இருக்கிறது, வண்டி கொஞ்சம் பின்னால் போய்விட்டுத்தான் ஊட்டிப் பாதையில் திரும்பும். நான் சொல்வது: இங்கே இறங்கிவிடுங்கள். மேலே போகவேண்டிய ஒரு மணி நேரச் சொச்சம் மோசம் என்று சொல்லவில்லை. வெலிங்டன், வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கும் அருவங்காடு, பள்ளத்தாக்கு முழுக்க காய்கறித் தோட்டம் படிப்படியாக இறங்கும் கேத்தி, லவ்டேல் என்று பார்க்க நன்றாகவே இருக்கும். கேத்தியில் கேரட் வயலுக்கு மேலே நின்று பார்ப்பது தனி சுகம். ஆனால் குன்னூர் – ஊட்டி வண்டிகள் தினமும் பல உண்டு, எப்போது வேண்டுமானாலும் தனியாகப் போய்க்கொள்ளலாம். மேலே போகும் பயணிகளில் பாதிப் பேர் குன்னூருக்கு அப்புறம் தூங்கிவிடுவதையும் பார்த்திருக்கிறேன், விடியற்காலை எழுந்த களைப்பு. அதைவிட குன்னூரில் இறங்கி, நிலையத்தை ஒட்டியே இருக்கும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்ச் சூடாக டீயும் வர்க்கியும் சாப்பிட்டுவிட்டு, சிம்ஸ் பூங்காவில் ஒரு மணி நேரம் காலாற நடந்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் பஸ்ஸிலோ அடுத்த ரயிலிலோ ஊட்டி போவது உடம்புக்கும் நல்லது, கண்ணுக்கும் நல்லது. அதனால்தான் டிக்கெட் தேடும்போது மேட்டுப்பாளையம் – உதகமண்டலம் மட்டும் பார்க்காமல் மேட்டுப்பாளையம் – குன்னூர் என்றும் போட்டுப் பாருங்கள் என்கிறேன்.

இறங்கும் வண்டி மத்தியானம் 2 மணிக்கு ஊட்டியில் கிளம்பி, ஐந்தரை மணிக்கு மேல் மேட்டுப்பாளையம் வரும். மேலே போக டிக்கெட் கிடைக்காதவர்கள் 'இறங்கும்போதாவது போகலாம்' என்று இதை எடுப்பார்கள். எடுக்கலாம், தப்பில்லை, ஏறும் வண்டியைவிட ஒரு மணி நேரத்துக்கு மேல் மிச்சம். ஆனால் எனக்கு இதில் பாதி ருசிதான். இன்ஜின் இப்போது முன்னால் இருந்து வண்டியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு இறங்கும், அந்த முக்கலும் மூச்சும் இருக்காது, முன் பெட்டிக்காரர்களுக்குப் பாதை தெரியாமல் இன்ஜினின் முதுகு தெரியும், பல நாள் மத்தியானத்துக்கு மேல் மேகமும் இறங்கிவிடும். அப்புறம் சென்னைக்காரர்கள் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் கிளம்பும் இரவு ஒன்பது மணி வாக்கு வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நிலையத்தில் ஒரு சின்ன ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது, திறந்திருந்தால் அரை மணி நேரம் கழியும். மீதி நேரத்துக்குக் கையில் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி முன்பதிவு. இங்கேதான் பலரும் மூக்கை உடைத்துக்கொள்கிறார்கள். பயணத் தேதிக்கு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். பள்ளி விடுமுறை, பொங்கல், நீண்ட வார இறுதி என்றால் திறந்த அன்றைக்கே காலையில் உட்கார்ந்துவிட வேண்டும், மாலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வெயிட்டிங் லிஸ்ட்தான். ஐ.ஆர்.சி.டி.சி.யில் நிலையத்தின் பெயர் உதகமண்டலம், குறியீடு யூ.ஏ.எம். மேட்டுப்பாளையம் எம்.டி.பி., குன்னூர் ஓ.என்.ஆர். வெயிட்டிங் லிஸ்ட் உறுதியாகும் என்று நம்பி மற்ற ஏற்பாடுகளைச் செய்யாதீர்கள், இருக்கிற இடமே கொஞ்சம், அதில் ரத்து செய்கிறவர்களும் கொஞ்சம். முன்பதிவில்லாத இருக்கைகள் சிலவற்றை அன்றன்று காலையில் கொடுப்பார்கள், அதற்கு விடியும் முன்பே வரிசை நிற்கும். கோயம்புத்தூர்க்காரர்கள், திருப்பூர்க்காரர்கள் அதிர்ஷ்டத்தைச் சோதித்துப் பார்க்கலாம். தூரத்திலிருந்து குடும்பத்தோடு வருகிறவர்கள் அதை நம்பி வர வேண்டாம்.

ஆகவே என் வரிசை இது: முதலில் மலை ரயில் டிக்கெட், அது உறுதியான பிறகு சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ், கடைசியாகத்தான் அறை. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள், நல்ல விடுதியைப் பார்த்ததும் பணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் அந்தத் தேதிக்கு வண்டி தேடுகிறார்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் இரவு சென்னை சென்ட்ரலில் கிளம்பி, காலையில் மலை ரயிலுக்கு முன்பே மேட்டுப்பாளையம் வந்துவிடும், இரண்டும் ஒரே நிலையம்தான், அலைச்சலே இல்லை. மதுரை, நெல்லைப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் முதல் நாள் இரவே கோயம்புத்தூரிலோ மேட்டுப்பாளையத்திலோ தங்கிவிடுவது உத்தமம்.

எந்த மாதம் என்பது டிக்கெட்டைவிட முக்கியம். பல் தண்டவாளப் பகுதி மலையின் கிழக்குச் சரிவில் இருக்கிறது, அதற்கு மழை கொடுப்பது வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண் சரிவதும், பாறை உருண்டு தண்டவாளத்தில் விழுவதும், மரம் சாய்வதும், வண்டியை நாள் கணக்கில் நிறுத்துவதும் ஆண்டுதோறும் நடக்கிற கதை. பெரும்பாலும் மேட்டுப்பாளையம் – குன்னூர்தான் நிற்கும், மேலே குன்னூர் – ஊட்டி ஓடும். அதாவது நீங்கள் எதற்காக வந்தீர்களோ அது மட்டும் இருக்காது. ரயில்வே ரத்து செய்தால் டிக்கெட் பணம் முழுதாகத் திரும்பி வந்துவிடும், விடுதிக்காரர் அப்படிச் செய்வார் என்று எதிர்பார்க்க முடியாது. அந்த மாதங்களில் போவதாக இருந்தால் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பாருங்கள். ஏப்ரல், மே மாதங்களில் வண்டி ஓடும், கூட்டம் தாங்காது. என்னைக் கேட்டால் ஜனவரி இரண்டாம் பாதி முதல் மார்ச் வரை. காலையில் குளிர், வானம் தெளிவு, மழைக்கு அப்புறம் என்பதால் ஓடைகளில் கொஞ்சம் தண்ணீரும் இருக்கும். ஜூலை, ஆகஸ்டும் பலர் நினைக்கிற அளவுக்கு மோசமில்லை, தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சி பக்கம் கொட்டுகிற அளவுக்குக் குன்னூர்ச் சரிவில் கொட்டாது.

ரயிலிலோ பஸ்ஸிலோ போகிறவர்களுக்கு ஒரு சௌகரியம், நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே முதல் வந்த இ-பாஸ் தொல்லை உங்களுக்கு இல்லை. ஆனால் பிளாஸ்டிக் தடை எல்லோருக்கும் உண்டு, கடையில் வாங்கிய தண்ணீர் பாட்டிலோடு போகாமல் வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில் எடுத்துப் போங்கள்.

பேக்கேஜ் எடுக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. என் சித்தப்பா வீட்டில் எல்லோருமாக ஒரு டிராவல்ஸ்காரரிடம் ஊட்டி பேக்கேஜ் எடுத்தார்கள். பெயர் வேண்டாம், இப்படிச் செய்பவர் அவர் ஒருவர் மட்டுமில்லை. நோட்டீஸில் பெரிய எழுத்தில் 'டாய் ட்ரெயின் உண்டு', பக்கத்தில் புகை விடும் நீராவி இன்ஜின் படம். போனபிறகு பார்த்தால் ஊட்டியிலிருந்து குன்னூருக்கு ஒரு தடவை, டீசல் வண்டி. கேட்டதற்கு, "அதுவும் அதே ட்ரெயின்தானே சார்" என்று பதில். சித்தப்பா திரும்பி வந்து என்னிடம், "ஏன்டா, இதையா நீ தலைல தூக்கி வெச்சு ஆடுன?" என்றார். நான் அவருக்குப் பல்சக்கரம், கல்லாறு, பன்னிரண்டுக்கு ஒன்று எல்லாம் விளக்கினேன், அவர் டிவி ரிமோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி போதும்: எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷனுக்கு, எத்தனை மணி வண்டி? பதிலில் மேட்டுப்பாளையம் இல்லாவிட்டால் படத்தில் இருக்கும் இன்ஜின் உங்களுக்கு இல்லை.

மற்ற மலை ரயில்களோடு ஒப்பிட்டுக் கேட்கிறார்கள். டார்ஜிலிங் வண்டி 1881-இலிருந்து ஓடுகிறது, அதன் சுவையே வேறு, சாலையை ஒட்டி, கடைத்தெருவுக்கு நடுவே, கடைக்காரர் கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் போகும். அங்கே பல் தண்டவாளம் இல்லை, பின்னால் போய் முன்னால் வந்து, சுற்றிச் சுற்றி ஏறுகிறது. கால்கா – சிம்லா 1903-இல் வந்தது, நூற்றுக்கும் மேற்பட்ட சுரங்கங்களைக் குடைந்து ஏறுகிறது, இருக்கை வசதியில் நம் வண்டியைவிட எவ்வளவோ மேல். மூன்றும் ஒரே யுனெஸ்கோ பட்டியலில்தான் இருக்கின்றன. வசதியாக உட்கார்ந்து மலை பார்க்க வேண்டுமென்றால் சிம்லா, ஊர் பார்க்க வேண்டுமென்றால் டார்ஜிலிங், ஒரு இன்ஜின் படுகிற பாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் மேட்டுப்பாளையம். டிக்கெட் சண்டையே வேண்டாம், மலை மட்டும் போதும் என்கிற தென்மாவட்டக்காரர்கள் செங்கோட்டையிலிருந்து புனலூர் வரை பகலில் ஒரு வண்டி பிடியுங்கள். 1904-இல் போட்ட பாதை, அகலப் பாதையாக மாற்றி 2018-இல் முழுதாகத் திறந்தார்கள், தென்மலைக்குப் பக்கத்தில் பதிமூன்று கண் பாலம் வரும்போது ஜன்னலோரம் இருந்தால் போதும்.

டிக்கெட்டும் கிடைக்கவில்லை, குன்னூரில்தான் தங்கியிருக்கிறீர்கள் என்றால் வேறொரு வழி இருக்கிறது. காலை பத்து மணிக்கு முன்பே குன்னூர் நிலையத்துக்குப் போய்விடுங்கள். பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு கீழேயிருந்து வண்டி வரும், பிரேக்ஸ்மேன்கள் இறங்குவார்கள், இன்ஜினைக் கழற்றி ஷெட் பக்கம் கொண்டுபோவார்கள், டீசல் வந்து மாட்டும். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்க்கலாம், பல்சக்கரம் எங்கே இருக்கிறது என்று குனிந்து தேடலாம், பிள்ளைகள் கேட்கிற கேள்விக்கு ஓய்வாக இருக்கிற ஊழியர்கள் யாராவது பதிலும் சொல்வார்கள். பிளாட்பார டிக்கெட் 10 ரூபாய்.